வயது நோயின் பெயரன்று

முதுமையைப் பற்றி நம் ஊர்களில் பேசும் பேச்சும், அப்பேச்சு மருத்துவத்தில் விளைவிக்கும் பயனும் கேடும்

முதியவர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்து வருவோரிடம் ‘என்ன தொந்தரவு?’ என்று வினவினால், பெரும்பாலும் நோய்க்குறிக்கு முன்பே வயது வந்து நிற்கிறது. ‘வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும். சும்மா ஒரு எட்டு காட்டிட்டுப் போகலாம்னு வந்தோம்’ என்கின்றனர். முதியவரும் அதை மறுப்பதில்லை. ‘இனி என்ன இருக்கு, இந்தக் கட்டைக்கு?’ என்று தம் பங்கையும் சேர்த்துவிடுகிறார். இவ்விரு தொடர்களும் அன்பில்லாமல் சொல்லப்படுபவை அல்ல. ஆயினும் இவற்றால் நாள்கள் வீணாகின்றன. ஆறு மாதங்களுக்கு முன்பே காட்டியிருக்க வேண்டிய மூச்சுத்திணறலும், ஒரு வாரத்திற்கு முன்பே கவனித்திருக்க வேண்டிய மனக்குழப்பமும் ‘வயது’ என்னும் திரைக்குப் பின்னால் மறைந்து கிடந்துவிட்டுக் காலம் கடந்தபின் எங்களிடம் வருகின்றன.

ஆகவே இவ்விதழில் மருந்துகளைப் பற்றிப் பேசாமல், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் முதுமையைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதைப் பற்றிப் பேச விழைகிறோம்.

தரம் இறங்கிய சொற்கள்

தமிழில் முதுமையைக் குறிக்கும் சொற்கள் தொடக்கத்தில் தாழ்ந்தவையாக இருக்கவில்லை. ‘கிழவன்’ என்பது இன்று ஏளனச் சொல். ஆனால் கிழமை என்றால் உரிமை. வெள்ளிக்கு உரிய நாள் வெள்ளிக்கிழமை. நிலத்துக்கு உரியவர் நிலக்கிழார். தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்று வருவோர் பல் விழுந்தவர்கள் அல்லர். அகவாழ்வின் தலைவனும் தலைவியும் ஆவர். உரிமையாளரைக் குறித்த சொல் எல்லா உரிமையும் இழந்தவரைக் குறிக்கும் சொல்லாக மாறியிருக்கிறது.

‘மூப்பு’ என்னும் சொல்லும் அப்படியே. அலுவலகத்தில் பணிமூப்பு உள்ளவருக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. அதே மனிதர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபின் அவருடைய மூப்பு அவரைத் திண்ணை ஓரத்துக் கட்டிலுக்கு அனுப்புகிறது. முதுகலைப் பட்டம் என்றால் பெருமை. முதுமை என்றால் பெருமூச்சு. ‘பெரியவர்’ என்னும் அழகிய சொல்லைச் சுருக்கிப் ‘பெரிசு’ என்று ஆக்கியதும் நாமே.

ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கு இவ்விடத்தில் ஒன்றை நினைவூட்டலாம். அவ்வூர்ப் பெரியாழ்வாருக்கு அப்பெயர் வந்த காரணத்தை மரபு ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறது. பாண்டியன் அவையில் வென்று யானைமீது வலம் வந்தபோது இறைவனைக் கண்ட அவர், தமக்கென வரம் எதுவும் கேட்கவில்லை. இறைவனுக்கே ஊறு நேர்ந்துவிடுமோ என்று அஞ்சிப் ‘பல்லாண்டு’ பாடி வாழ்த்தினார். கடவுளையே காக்க எண்ணிய பரிவினால் அவர் ‘பெரிய’ ஆழ்வார் ஆனார். நீண்ட ஆயுளைச் சுமையாகக் கருதாமல், அன்பு கொண்டவர்க்கு வாழ்த்தாக வழங்கிய சொல் பிறந்த ஊர் அது. அவ்வூரில் முதியவர் ஒருவர், ‘இன்னும் எத்தனை நாளுக்கு இருந்து உங்களைப் படுத்தப் போறேனோ?’ என்று தம் மருமகளிடம் கேட்கும்போது, ‘பல்லாண்டு’ என்னும் சொல் கோயிலுக்குள் மட்டுமே நின்றுவிட்டதோ என்று தோன்றுகிறது.

பாதியில் நின்ற பட்டியல்

பழைய இலக்கியங்கள் பெண்களின் பருவங்களை ஏழாக வகுத்தன: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். இறுதிப் பருவமாகிய பேரிளம்பெண் 40 வயதோடு முடிவடைகிறது. அதற்குப் பின்னர் வாழும் 30, 40 ஆண்டுகளுக்குப் பெயரே இல்லை. அக்காலத்தில் அந்த வயதைக் கடந்தோர் குறைவு என்று இதற்கு அமைதி கூறலாம். இன்று அப்படிக் கூற இயலாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுக்குப் பதின்மருக்கு மேல் இருந்தனர். நாட்டின் சராசரி அதைவிடக் குறைவு. கணக்கெடுப்புக்குப் பிந்தைய ஆண்டுகளில் இவ்விகிதம் மேலும் உயர்ந்திருக்கிறது.

நம் சடங்குகள் மட்டும் முதுமையை மறக்கவில்லை. 60 நிறைந்தால் மணிவிழா. தமிழ் ஆண்டுகள் அறுபதும் ஒரு சுற்றுச் சுற்றிப் பிறந்த ஆண்டின் பெயரே மீண்டும் வருவதால் அது மறுபிறப்பாகக் கொண்டாடப்படுகிறது. 80 நிறைந்தால் சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவர் என்கிறோம். கணக்கும் ஏறத்தாழச் சரியே. ஒரு பிறைக்கும் மறுபிறைக்கும் இடையே 29½ நாள். ஆயிரம் பிறைக்கு 80 ஆண்டும் சுமார் 10 மாதமும் ஆகின்றன. ஆனால் விழா முடிந்து பந்தல் பிரிக்கப்பட்டபின் அந்த முதியவரிடம் நாம் என்ன பேசுகிறோம்? ‘காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது’ என்னும் பழமொழியை நகைச்சுவையாகச் சொல்லிக்கொள்கிறோம். கேட்பவர் சிரிக்கிறார். ஆனால் ‘போ’ என்று சொல்வது எந்த வீடு என்று அவர் அறிவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிறந்த நாள் அறியாத முதியோர் இன்னும் பலர் இருக்கின்றனர். ‘சுதந்திரம் கிடைச்சப்போ நான் இடுப்புப் பிள்ளை’ என்பது அவர்களுடைய பிறப்புச் சான்று. அட்டையில் ஜனவரி 1 என்று இருந்தாலும் அது மதிப்பீடாக இருக்கலாம். பதிவுச்சீட்டு எழுதும்போது சரியான வயது தெரியாவிட்டால் அதற்காக நாணாமல் இத்தகைய குறிப்பைச் சொல்லுங்கள். சில மருந்துகளின் அளவை வகுக்க அது உதவும்.

எது வயது, எது நோய்?

வயதோடு வரும் மாற்றங்கள் சில உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. 40 வயதையொட்டி அருகிலுள்ள எழுத்து மங்கத் தொடங்கும். உறக்கம் ஆழம் குறையும். தாகம் முன்போல் எடுக்காது. பெயர் ஒன்றை நினைவுகூர ஒரு கணம் கூடுதலாகும். சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் குறையும்; ஆகையால் இளையவருக்கு ஏற்ற மருந்தளவு முதியவருக்கு மிகையாகக்கூடும்.

கீழ்க்காண்பவை அத்தகையவை அல்ல. இவற்றை வயதின் கணக்கில் எழுதக் கூடாது.

திடீர்க் குழப்பம்: நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆளை அடையாளம் காணாமல் பிதற்றினால் அது மூப்பன்று, அவசர நிலை. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீரிழப்பு, இரத்தத்தில் சோடியம் குறைதல், நீரிழிவு மாத்திரையால் சர்க்கரை தாழ்தல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். பேச்சுக் குழறலோ, முகம் கோணுவதோ, ஒரு பக்கக் கைகால் தளர்வதோ சேர்ந்திருந்தால் பக்கவாதமாக இருக்கக்கூடும். அப்போது ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புள்ளது. 108க்கு அழையுங்கள். முதியோருக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் தெரியாமல் போவதுண்டு என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

மெல்ல வளரும் மறதி: சாவியை வைத்த இடம் மறப்பது இயல்பு. சாவி எதற்கு என்பதே மறந்துபோவதும், பல்லாண்டு நடந்த தெருவில் வழி தெரியாமல் திகைப்பதும் மறதிநோயின் அறிகுறிகளாகலாம். மறதிநோய் முதுமையின் இயல்பான பகுதியன்று என்று உலக சுகாதார நிறுவனமே தெளிவாகக் கூறுகிறது. தைராய்டுக் குறைவு, பி12 ஊட்டச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தோன்றும். இவை சரிசெய்யத்தக்கவை.

மூச்சு வாங்குதல்: மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதும், இரவில் இரண்டு மூன்று தலையணை இல்லாமல் படுக்க முடியாமையும், கால் வீங்குவதும் இதயத்தின் தளர்ச்சியைக் காட்டலாம். இரத்தசோகையும் நுரையீரல் நோயும் இவ்வாறே தோன்றும். நீரிழிவு உள்ள முதியோருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இன்றி, வெறும் களைப்பாகவும் மூச்சுத்திணறலாகவும் வருவதுண்டு.

காது கேளாமை: ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் கட்டுத்துணி நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளில் காயங்களைக் கட்டுகிறது. அவ்விரைச்சலுக்கு நடுவே 30 ஆண்டுகள் நின்றவரின் செவித்திறன் குறைந்தால் அதற்கு வயது மட்டுமே காரணமாகாது. நீண்டகால இரைச்சல் செவியின் நுண்ணுணர்வைச் சிதைக்கும் என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. பஞ்சுத்தூசியைச் சுவாசித்து உழைத்தவரின் இருமலுக்கும் இது பொருந்தும். ஆகவே மருத்துவரிடம் வயதைச் சொல்லும்போது செய்த வேலையையும் சொல்லுங்கள். செவி மங்கியவர் கூட்டத்திலிருந்து விலகுகிறார். விலகியவரை ‘தன்போக்கில் இருக்கிறார்’ என்கிறோம். சிலருக்குச் செவிக்குறும்பியை அகற்றுவதே போதுமானது. சிலருக்குச் செவிக்கருவி வேண்டும்.

இவற்றோடு, காரணமின்றி எடை குறைதல், அடிக்கடி விழுதல், சிறுநீரை அடக்க இயலாமை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர்க் கசிவை நாணத்தினால் பல தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் மறைக்கின்றனர். மருந்தும் பயிற்சியும் அதற்கு உண்டு.

‘இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு?’ என்னும் கேள்விக்கும் ஒரு சொல். வயது ஒன்றே அறுவை சிகிச்சைக்குத் தடையாவதில்லை. கண்புரையை 80 வயதிலும் அகற்றலாம். இடுப்பெலும்பு முறிந்தவரைப் படுக்கையிலேயே விட்டுவிட்டால் வலியும் படுக்கைப்புண்ணும் நுரையீரல் தொற்றும் வரிசையாக வருகின்றன. இயன்றவரை இரண்டு நாள்களுக்குள் அறுவை செய்து எழுப்பி உட்காரவைப்பதே பெரும்பாலோர்க்கு நல்லது. சில வேளைகளில் அறுவை வேண்டாம் என்பதே சரியான முடிவாகவும் இருக்கும். அம்முடிவு இதயம், சிறுநீரகம், நோயாளியின் விருப்பம் ஆகியவற்றை எண்ணி எடுக்கப்பட வேண்டும். பிறந்த ஆண்டை மட்டும் பார்த்து எடுக்கப்படக் கூடாது.

சொல் உடலைத் தொடும்

அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969ஆம் ஆண்டில் வயதுப் பாகுபாட்டுக்கென ஆங்கிலத்தில் ஒரு தனிச்சொல்லை உருவாக்கினார். 2021ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இது குறித்து வெளியிட்ட அறிக்கை, உலகில் இருவரில் ஒருவர் முதியோரைக் குறித்துத் தாழ்வான எண்ணம் கொண்டிருப்பதாகக் கூறியது.

அவ்வெண்ணத்தை முதியவர் தம்மீதே சுமத்திக்கொள்ளும்போது நேர்வதை யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக்கா லெவி ஆராய்ந்தார். ஒஹாயோ மாநிலத்துச் சிறுநகர் ஒன்றில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 660 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த தரவுகளை வைத்து, 2002ஆம் ஆண்டில் ஆய்வு முடிவு வெளியாயிற்று. தம் முதுமையை நல்லவிதமாக எண்ணியோர், தாழ்வாக எண்ணியோரைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். நல்ல எண்ணம் மட்டுமே ஆயுளைத் தரும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ‘இனி என்ன?’ என்று எண்ணுபவர் நடைப்பயிற்சியை விடுகிறார், மாத்திரையைத் தவறவிடுகிறார், வலியைச் சொல்லாமல் மறைக்கிறார். ‘அடுத்த பங்குனிக்கும் இருக்கணும்’ என்பவர் இவற்றைச் செய்வதில்லை. சொல் உடலுக்குள் இறங்கும் வழிகளுள் இதுவும் ஒன்று.

கட்டிலுக்கு மேலே நடக்கும் பேச்சு

மருத்துவமனையில் பரவலாகக் காணும் காட்சி இது. முதியவர் படுத்திருக்கிறார். கட்டிலின் ஒருபுறம் மருத்துவர், மறுபுறம் மகன். ‘அப்பா சாப்பிடுறாரா? மோஷன் போறாரா?’ என்னும் வினாவும் விடையும் படுத்திருப்பவரின் தலைக்கு மேலேயே கடந்து செல்கின்றன. அவருக்கு நினைவும் பேச்சும் தெளிவாக இருந்தும் அவர் ஒரு பொருளைப் போலப் பேசப்படுகிறார். இதை மாற்றும் பொறுப்பு முதலில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் உண்டு. உறவினரும் உதவ வேண்டும். கேள்வி உங்களை நோக்கி வந்தாலும், ‘அவங்களே சொல்லுவாங்க, கேளுங்க’ என்று கைகாட்டுங்கள். அவர் விடுத்ததை நீங்கள் நிரப்பலாம்.

மற்றொன்று, குழந்தையிடம் கொஞ்சுவதுபோல முதியவரிடம் பேசுதல். ‘சமத்தா மாத்திரையை முழுங்கிருங்க’ என்பதில் அன்பு இருக்கிறது, மதிப்பு இல்லை. மறதிநோய் உள்ளோரிடம் செவிலியர் இவ்வாறு பேசும்போது, இயல்பாகப் பேசும்போதைக் காட்டிலும் அவர்கள் பராமரிப்பை எதிர்ப்பது மிகுகிறது என்று அமெரிக்க முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. நினைவு மங்கினாலும் தன்மானம் உடனே மங்குவதில்லை.

அழைக்கும் முறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் அப்பத்தா, அம்மாச்சி, ஆச்சி, ஐயா, தாத்தா என்று எத்தனையோ முறைப்பெயர்கள் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு அவர்தம் முறைப்பெயர்கள் இருக்கின்றன. இவை அன்பின் அடையாளங்கள். ஆயினும் 62 வயதில், பணி ஓய்வு பெற்று ஈராண்டே ஆன ஆசிரியை ஒருவரைப் ‘பாட்டி’ என்று அழைத்தால் அவர் முகம் சுருங்குவதை நாங்கள் கண்டிருக்கிறோம். ‘உங்களை எப்படிக் கூப்பிடட்டும்மா?’ என்று கேட்பதே நேரிய வழி.

‘அவர்கிட்ட சொல்லிடாதீங்க’ என்பது நோய் இன்னதெனத் தெரிந்தவுடன் உறவினர் வைக்கும் வேண்டுகோள். அதன் பின்னே இருப்பது பரிவு. ஆனால் வீட்டில் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதையும், தொலைபேசியை வாசலுக்கு எடுத்துச் செல்வதையும் முதியவர் கவனிக்கிறார். உண்மையை அறியாத அச்சம் உண்மையைவிடப் பெரிதாக வளர்கிறது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்டு, அவ்வளவையும் மெல்லச் சொல்வது நல்லது. நிலப்பத்திரம், பேத்தியின் திருமணம், தீர்க்காத மனத்தாங்கல் என்று அவர் முடிக்க விரும்பும் செயல்கள் இருக்கும். அதற்குரிய காலத்தை அவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமையில்லை.

சொல்லத் தயங்கும் ஒரு சொல்

இம்மாவட்டத்தில் முதுமையைப் பற்றி எழுதும்போது ‘தலைக்கூத்தல்’ என்னும் சொல்லைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. படுக்கையில் விழுந்த முதியவரின் உயிரைக் குடும்பத்தினரே முடித்துவைக்கும் இவ்வழக்கம் தென்மாவட்டங்களில் சில இடங்களில் இருந்ததை ஊரறியும். 2010ஆம் ஆண்டில் விருதுநகர் மாவட்டத்தை முன்னிட்டு வந்த செய்திகளால் அது நாடெங்கும் பேசப்பட்டது. தமக்கு அவ்வாறு திட்டமிடப்படுவதை அறிந்த முதியவர் ஒருவர் வீட்டைவிட்டு வெளியேறி உறவினரிடம் அடைக்கலம் புகுந்ததாக அச்செய்திகள் கூறின. பின்னர் பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ திரைப்படம் இப்பொருளை எடுத்துக்கொண்டு, 66ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வுபெற்றது. மதுமிதா இயக்கிய ‘கே.டி. (எ) கருப்புதுரை’ 2019ஆம் ஆண்டில் வந்தது. தம்மைக் கொல்லப் பேசுவதைக் கேட்டுவிட்டு வீட்டைவிட்டு நீங்கும் முதியவரின் கதை அது.

இது கொலைக்குற்றம் என்பதில் ஐயமில்லை. நாங்கள் கருதிப் பார்ப்பது அச்செயலுக்கு முன் வீட்டில் நிகழும் பேச்சை. ‘அவருக்கு விடுதலை’, ‘நல்லபடியா அனுப்பி வைக்கிறோம்’, ‘கல்யாணச் சாவு’ என்னும் சொற்கள் ஒரு கொடுமையைக் கடமையாக உருமாற்றுகின்றன. அதற்கும் முன்னே, மாதக்கணக்கில், ‘வயசாயிருச்சு, இனி வைத்தியம் பார்த்து என்ன?’ என்னும் சொல் இருந்திருக்கும். வைத்தியம் பாராத உடல் நலிகிறது. நலிந்த உடலைப் பார்த்து ‘இழுத்துக்கிட்டு இருக்கு’ என்கிறோம். அவரை ‘அது’ என்று சொல்லத் தொடங்கும் நாளில்தான் இடர் தொடங்குகிறது.

இதைச் சொல்லும்போது பராமரிப்போரின் துயரை நாங்கள் மறக்கவில்லை. நாள்கூலிக்குச் செல்பவர் ஒரு நாள் வீட்டில் தங்கினால் அன்றைய அடுப்பு எரியாது. இரவில் நான்கு முறை எழுந்து, புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, காலையில் மில்லுக்கு ஓடும் மருமகளின் உடலும் உடலே. உதவி எங்கே கிடைக்கும் என்று தெரியாத களைப்பு எவரையும் கொடிய எண்ணங்களுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தும். அத்தகைய எண்ணம் எழுந்தால் அதை மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். அது உங்களுக்கு ஓய்வும் துணையும் தேவை என்பதன் அறிகுறி. படுத்த படுக்கையானவரின் வலி, மூச்சிரைப்பு, புண் ஆகியவற்றைத் தணிப்பதற்கென்றே வலிதணிப்புச் சிகிச்சை இருக்கிறது. இயல்பான இறப்பை வலியின்றி, மாண்போடு எதிர்கொள்ள உதவுவது அதன் நோக்கம். உயிரை முடிப்பது வேறு. வலியை முடிப்பது வேறு.

‘நான் உங்களுக்குப் பாரமா இருக்கேன்’ என்று முதியவர் மீண்டும் மீண்டும் சொன்னால் அதையும் வயதின் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். உணவை மறுத்தல், உறங்காமை, பொருள்களைப் பங்கிட்டுக் கொடுத்தல் ஆகியவை சேர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனச்சோர்வு 75 வயதிலும் மருந்துக்கும் பேச்சுக்கும் இணங்கும் நோயே. டெலிமானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது. பராமரிப்போரும் அதில் பேசலாம்.

கையருகே உள்ள உதவிகள்

முதியோருக்கான தனி மருத்துவத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது. 1978ஆம் ஆண்டிலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனப் புறநோயாளிகள் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கு வித்திட்ட மருத்துவர் வ.செ. நடராஜனுக்கு 2012ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

சென்னைக்குச் செல்ல இயலாதோர்க்கு வீட்டு வாசலிலும் உதவி உண்டு. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளும், இயன்முறைச் சிகிச்சையும், வலிதணிப்புச் சிகிச்சையும் இல்லம் தேடி வருகின்றன. உங்கள் பகுதி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தம் வருவாயால் வாழ இயலாத பெற்றோர், வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில் உள்ளவர் தலைமை வகிக்கும் தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கோரலாம். அச்சட்டப்படி மாதம் 10,000 ரூபாய் வரை ஆணையிட வழியுண்டு. பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்தபின் பிள்ளைகள் தவறினால், அப்பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோரலாம். பத்திரத்தில் அந்நிபந்தனையை வெளிப்படையாக எழுதிவைப்பது பாதுகாப்பானது. மூத்த குடிமக்களைக் கைவிடுவது தண்டனைக்குரிய குற்றம். வழிதெரியாமல் தவிப்போர் முதியோர் உதவி எண் 14567க்கு அழைக்கலாம், அழைப்பு இலவசம்.

இன்றே மாற்றக்கூடிய பேச்சு

‘வயசாயிருச்சு’ என்பதற்கு மாற்றாக, ‘இது எப்போதிலிருந்து இருக்கு?’ என்று கேளுங்கள். நோயைக் கண்டறிய முதல் தேவை காலக்கணக்கே.

‘சும்மா உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்’ என்பது அன்பாகத் தோன்றும். நாளடைவில் தசையையும் தன்னம்பிக்கையையும் கரைக்கும். ‘காய் நறுக்கித் தர்றீங்களா?’ என்று கேளுங்கள். மெல்லச் செய்தாலும் அவரே செய்யட்டும்.

‘உங்களுக்கு ஒண்ணும் தெரியாது’ என்னும் தொடரை வீட்டிலிருந்து விலக்குங்கள். புதிய கைப்பேசி அவருக்குப் புதிதாக இருக்கலாம், வாழ்க்கை புதிதன்று.

முதியோர்க்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவர் கேட்கும்போது ‘ஒண்ணுமில்லை’ என்று முடித்துவிடாதீர்கள். பிள்ளைக்குச் செலவாகுமே என்று வலியை மறைத்தால் பின்னர் அதைவிடப் பெருஞ்செலவு வந்து சேர்கிறது. மருத்துவரே ‘வயசானா அப்படித்தான்’ என்று சொன்னால், ‘வேறு காரணம் இருக்குமான்னு பார்த்துட்டீங்களா?’ என்று பணிவோடு கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இடக்கால் வலித்து, அதற்கு வயதே காரணம் என்றால், அதே வயதுடைய வலக்கால் ஏன் வலிக்கவில்லை என்பது நியாயமான கேள்வியே.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக் கொண்டுவாருங்கள்: மூன்று மாதங்களுக்கு முன் செய்ய முடிந்து இப்போது முடியாமற்போன செயல் எது, உட்கொள்ளும் மருந்துகள் எவை, நாட்டுமருந்தும் கடையில் தாமே வாங்கியதும் உட்பட, முதியவருக்கு எது மிக முக்கியம். மூன்றாவதை அவரிடமே கேட்டு எழுதுங்கள். கோயில் படியேறுவதாக இருக்கலாம், பேரன் பட்டம் பெறுவதைப் பார்ப்பதாக இருக்கலாம், தோட்டத்து மாமரத்தடிவரை தாமே நடந்து செல்வதாக இருக்கலாம். சிகிச்சையை எத்திசையில் செலுத்துவது என்பதை அவ்வொரு வரியிலிருந்து நாங்கள் தெரிந்துகொள்வோம்.